சட்டியும் அகப்பையும்: ‘மின்மினிகளின் கல்லறை’ பற்றி ஒரு திறனாய்வு

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. இல்லாமைக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான நியாயம் தமிழில் இல்லை. ஆயினும் சட்டியில் இருந்தது எவ்வளவு, அகப்பை அதில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்ற இரண்டையும் ஒருசேர அறிந்தவர் பரிமாறுகிறவர் ஒருவரே. உண்ணுகிறவர் அறிவதில்லை, பார்த்திருப்போரும் அறிவதில்லை. ஜப்பானியக் கதையொன்றைத் தழுவி எழுந்த படங்களை அண்மையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காண நேர்ந்தபோது, இப்பழமொழியே திரும்பத் திரும்ப என் நினைவில் எழுந்தது.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை அடுத்துள்ள சுங்குவார்சத்திரத்தில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக விளங்கிய இவ்வட்டாரம் இன்று ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகளால் நிறைந்து கிடக்கிறது. கொரிய நிறுவனங்களும், தைவான் நிறுவனங்களும், யமஹா, கோமட்சு போன்ற ஜப்பானிய நிறுவனங்களும் சூழ்ந்த ஊர் இது. வேலை நாடி வரும் இளைஞர் சிலர் மாலை வேளைகளில் ஜப்பானிய மொழி பயில்கின்றனர். மறைந்த என் அண்ணனின் மகனும் அவர்களுள் ஒருவன். ஒன்பது வயதில் தந்தையை இழந்து எங்கள் இல்லம் வந்தவன், இன்று தொழிற்சாலை ஒன்றில் முறைவேலை பார்த்து வருகிறான். மொழிப் பயிற்சிக்காக அவன் பார்க்கத் தொடங்கிய படங்களை நாங்களும் உடனிருந்து பார்த்தோம். விளங்காத இடங்களில் அவனே பொருள் சொன்னான்.

படத்தின் பெயர் ‘ஹொதாரு நோ ஹாகா’. தமிழில் ‘மின்மினிகளின் கல்லறை’ எனலாம். அகியுகி நொசாகா 1967-இல் எழுதிய சிறுகதை இதற்கு மூலம். ஜப்பானின் புகழ்மிக்க நவோகி பரிசைப் பெற்ற கதை அது. அதனை இசாவோ தகஹாதா 1988-இல் கிப்லி நிலையத்தின் வாயிலாகச் சித்திரப் படமாக்கினார். ‘அனிமே’ என்று இன்று நம் பிள்ளைகள் சொல்வது இவ்வகையைத்தான். பின்னர் 2005-இல், போர் முடிந்த அறுபதாம் ஆண்டை ஒட்டி, நிப்பான் தொலைக்காட்சி இக்கதையை நடிகர்களைக் கொண்டு படமாக்கியது. 2008-இல் தாரோ ஹ்யூகாஜி இயக்கத்தில் திரையரங்குக்கென மற்றொரு நடிப்புப் படமும் வெளிவந்தது. ஒரே கதை, வரைந்த படம் ஒன்று, நடித்த படங்கள் இரண்டு.

கதையும் கதாசிரியரும்

1945 ஜூன் 5-ஆம் நாள் கோபே நகரின்மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிகின்றன. கடற்படை அதிகாரி ஒருவரின் மகன் செய்தா, வயது பதினான்கு. தங்கை செத்சுகோ, வயது நான்கு. தந்தை கடலில், தாய் தீக்காயத்தால் இறந்துபடுகிறாள். நிஷினோமியாவில் வாழும் தூரத்து உறவுப் பெண்மணி ஒருத்தியின் வீட்டில் பிள்ளைகள் அடைக்கலம் புகுகின்றனர். தந்தை வழி உறவாதலின் நம் வழக்கப்படி அவளைச் ‘சாச்சி’ என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். நாளடைவில் சாச்சியின் சொல் கசக்கிறது, சோறு குறைகிறது. செய்தா தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறி, குளக்கரையில் கைவிடப்பட்ட பதுங்கு குகையில் தனிக் குடித்தனம் நடத்துகிறான். தங்கை பசியால் மெலிந்து மடிகிறாள். சில வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 21 அன்று, சன்னோமியா இரயில் நிலையத்தில் அவனும் மடிகிறான்.

இக்கதையின் பிறப்பை அறியாமல் படங்களை எடைபோடுதல் இயலாது. வளர்ப்புப் பெற்றோரிடம் கோபேயில் வளர்ந்தவர் நொசாகா. குண்டுவீச்சில் வீட்டை இழந்து, குழந்தையாயிருந்த வளர்ப்புத் தங்கையையும் பசிக்குப் பலிகொடுத்தவர். கதையில் வரும் செய்தாவைப்போல் தாம் அன்பாக இருக்கவில்லை என்றும், தங்கைக்குரிய உணவைத் தாமே உண்டதுண்டு என்றும் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். செய்தா அவருடைய உருவம் அல்லன். அவர் எவ்வாறு நடந்திருக்க வேண்டும் என்று எண்ணி ஏங்கினாரோ அந்த உருவம். ஆக, மூலக் கதையே ஒரு குற்ற ஒப்புதல். குற்றம் சுட்டும் விரல் முதலில் எழுதியவரை நோக்கியே நீள்கிறது என்பதை வாசக அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

வரைந்த படம்

தகஹாதாவும் அனல் அறியாதவர் அல்லர். 1945 ஜூன் இறுதியில் ஒகயாமா நகர் எரிந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவனாக அத்தீயினூடே ஓடியவர். அதனால்தானோ என்னவோ, அவர் படத்தில் அழுகைக்கென்று கூட்டிவைத்த காட்சி எதுவுமில்லை. தொடக்கத்திலேயே சிறுவன் தான் இறந்த நாளைத் தானே அறிவித்துவிடுகிறான். முடிவு என்னாகும் என்ற ஆவலை முதல் நிமிடத்திலேயே பறித்துவிட்டு, ‘எவ்வாறு’ என்ற ஒன்றை மட்டும் நம் கையில் தருகிறார் இயக்குநர்.

சாச்சியின் வீட்டுக் காட்சிகளை எடுத்துக்கொள்வோம். அவள் முதலில் பிள்ளைகளை வரவேற்கிறாள். எரிந்த வீட்டின் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்த உணவுப் பொருள்களைச் செய்தா தோண்டிக் கொணரும்போது மகிழ்கிறாள். இறந்த தாயின் கிமோனோ உடைகள் அரிசிக்கு மாற்றப்படுகின்றன. வெண்சோறு கண்ட பிள்ளைகளின் முகம் மலர்கிறது. அந்த அரிசியில் ஒரு பங்கு சாச்சியின் வீட்டுக்கும் போகிறது. பின்னர் ஒருநாள் கஞ்சி பரிமாறுகிறாள். வேலைக்குச் செல்லும் தன் மகளுக்கும், உடன் குடியிருக்கும் இளைஞனுக்கும் அகப்பை அடிவரை இறங்குகிறது. இவ்விரு பிள்ளைகளுக்கோ மேலே நிற்கும் நீர் வருகிறது. நாட்டுக்காக உழைப்பவர்க்கே சோறு என்பது அவள் நியாயம். அதை நியாயமன்று என்று உடனே தள்ளிவிடவும் முடியவில்லை. அதுதான் இக்காட்சியின் வலிமை.

இவ்விடத்தில் படம் சாச்சியை அரக்கியாக்கவில்லை. அவள் முகத்தை அருகில் காட்டி, இவளைக் காணீர் என்று சுட்டவுமில்லை. கோட்டால் வரைந்த முகம் நடிகையின் முகம்போல் நம்மிடம் வாதாடுவதில்லை, மன்னிப்புக் கோருவதுமில்லை. அம்முகத்தில் ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் தம் முகத்தை அறியாமலே அங்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்.

செய்தாவையும் படம் விட்டுவைக்கவில்லை. தாய் வங்கியில் விட்டுச் சென்ற 7,000 யென் இருக்கிறது என்று அறிந்ததும், தனித்து வாழ்ந்துவிடலாம் என்ற செருக்கு அவனுக்குப் பிறக்கிறது. அந்த வீட்டுக்கே திரும்பிச் சென்று மன்னிப்புக் கேள் என்று குடியானவர் ஒருவர் அறிவுரை சொல்லியும் அவன் செல்லவில்லை. தம் படத்தை வெறும் போர் எதிர்ப்புப் படமாகக் கொள்வதைத் தகஹாதா மறுத்தே வந்தார். ஊரையும் உறவையும் உதறிவிட்டு இருவர் மட்டும் ஓர் உலகை அமைத்துக்கொள்ள முயல்வதன் கேட்டையும் அவர் காட்ட விரும்பினார். சாச்சியின் குறை ஒருபுறம். சிறுவனின் செருக்கு மறுபுறம். இரண்டுக்கும் இடையில் கிடந்து கரைகிறது நான்கு வயதுக் குழந்தை.

அக்குழந்தையை வரைந்த திறனைத் தனியே சொல்ல வேண்டும். செத்சுகோவுக்குக் குரல் கொடுத்தவள் ஐந்து வயதையொத்த ஒரு சிறுமி. அவள் பேச்சை முன்னதாகப் பதிவு செய்துகொண்டு, அதற்கேற்பவே படத்தை வரைந்திருக்கிறார்கள். உருவங்களின் ஓரக்கோடுகளுக்கு வழக்கமான கறுப்பு மையை விடுத்துப் பழுப்பு நிறத்தைக் கொண்டனர். இவற்றால் அக்குழந்தை ஓவியம் என்பதையே மறந்துவிடுகிறோம். மடிந்த மின்மினிகளுக்குக் குழிதோண்டி அவள் புதைக்கும்போது, தாயும் இப்படித்தான் கல்லறையில் இருக்கிறாள் என்று சாச்சி வழியாக அவள் முன்பே அறிந்திருந்தது வெளிப்படுகிறது. அதுவரை அதை மறைத்து வைத்திருந்த அண்ணன் அப்போதுதான் அழுகிறான். பெரியவர்கள் மறைப்பதாக நினைப்பதைச் சிறுவர்கள் எத்தனை நாள் மௌனமாகச் சுமக்கிறார்கள்! எத்தீம் பிள்ளையொன்று வளரும் வீட்டினர் இக்காட்சியை எளிதில் கடந்துவிட முடியாது.

நடித்த படம்

2005-ஆம் ஆண்டின் தொலைக்காட்சிப் படம் துணிந்து ஒரு காரியம் செய்தது. கதையின் நடுவிடத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துச் சாச்சியிடம் கொடுத்தது. அவளுக்கு ஹிசகோ என்று பெயர். புகழ்பெற்ற நடிகை நானகோ மட்சுஷிமா அப்பாத்திரத்தை ஏற்றார். ஹிசகோவின் மகளுடைய நினைவாகக் கதை விரிகிறது. கணவன் போர்முனையில், வீட்டிலோ தான் பெற்ற பிள்ளைகளின் பசித்த வாய்கள், பங்கீட்டு அரிசி நாளுக்குநாள் சுருங்குகிறது. கனிந்த மனத்தினளாய்த் தொடங்கிய ஒரு தாய் சிறிது சிறிதாகக் கல்லாவதைப் படம் பொறுமையுடன் காட்டுகிறது.

இம்முயற்சியை நான் எளிதாக எண்ணவில்லை. சித்திரப் படத்தைப் பார்த்தோர் பலர், கொடியவள் என்று சாச்சியின்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதி அடைந்ததுண்டு. அந்த நிம்மதியைக் கலைக்க வந்த படம் இது. அவள் இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நேருக்கு நேர் நின்று கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். மட்சுஷிமாவின் நடிப்பிலும் பொய்யில்லை. பெற்ற பிள்ளையின் தட்டையும் பிறர் பிள்ளையின் தட்டையும் மாறிமாறி நோக்கும் தாயின் தவிப்பு, உலகின் எந்த மொழிக்காரர்க்கும் விளங்கக் கூடியது.

ஆயினும், கேள்வியைச் சரியாகக் கேட்ட படம் விடையைத் தானே சொல்லிவிடுகிறது. போர் நல்லவர்களையும் இப்படி ஆக்கிவிட்டது என்பதே அவ்விடை. அதாவது, சட்டியில் இல்லை. ஆகவே அகப்பையில் வரவில்லை. பழமொழியின் முதற்பாதி வென்றுவிட்டது. சட்டி வெறுமையாகிக்கொண்டு வந்ததைச் சித்திரப் படமும் மறைக்கவில்லை. ஆனால் இருந்த அந்தச் சிறிதளவு கஞ்சியிலும் அடிப்பகுதி ஒன்று, மேற்பகுதி ஒன்று என இரண்டு இருந்தன என்பதையும் அது காட்டிற்று. பஞ்சம் சட்டியைச் சுருக்கும். அகப்பையைச் சாய்ப்பது பஞ்சமன்று, கை. நடித்த படத்தில் அந்தக் கைக்குரிய பொறுப்பு போரின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

இதனால் நேர்ந்த இழப்பு மற்றொன்று உண்டு. குழந்தையின் சாவு, பெரியவள் ஒருத்தியின் மனவேதனைக்கு ஏதுவாகி நின்றுவிடுகிறது. மடிந்தவள் செத்சுகோ, நாம் இரங்குவதோ ஹிசகோவுக்கு. எத்தீமின் பசியைக் காட்டிலும் எத்தீமை வளர்த்தவரின் மனச்சுமை பெரிதாகிவிடும் கதையில், எத்தனை நயமிருப்பினும், நிறைகோல் ஒருபக்கம் தாழ்ந்துவிட்டது என்றே சொல்வேன்.

நடிப்புப் படத்துக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பசியால் சாகும் குழந்தையாக ஒரு குழந்தையை நடிக்க வைக்கலாம். பட்டினி போட முடியாது, போடவும் கூடாது. கன்னத்தில் சாயம் பூசிக் கண்ணுக்குக் கீழே கருமை தீட்டினாலும், நன்றாக உண்டு வளர்ந்த பிள்ளையின் உடல் அச்சாயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. 2008-ஆம் ஆண்டுப் படமும் இவ்விடத்தில் தப்பவில்லை. போரை உள்ளத்தில் சுமந்த இயக்குநர் கசுவோ குரோகி எடுக்க எண்ணி, அவர் மறைவுக்குப்பின் ஹ்யூகாஜி கைக்கு வந்த படம் அது. நேர்மையான முயற்சியே, எனினும் சித்திரப் படத்தின் நினைவை அதனால் விலக்க முடியவில்லை. ஓவியனின் கோலோ யாரையும் வருத்தாமல் ஒரு குழந்தையை எலும்பும் தோலுமாக்கி, மண் உருண்டைகளைச் சோற்றுருண்டைகளாக அண்ணன் முன் நீட்டச் செய்கிறது. மெய்யான மனிதர்களைக் கொண்டு எடுத்த படமே மெய்க்கு அருகிலிருக்கும் என்ற பொது நம்பிக்கை இங்குத் தலைகீழாகிவிடுகிறது.

சித்திரம் சொல்லாதது

இவ்வளவு சொன்னபின் சித்திரப் படத்தின் குறையைச் சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. செய்தா தன் தந்தையின் கப்பலைப் பெருமையோடு நினைக்கிறான். அந்தக் கடற்படையும் அதன் உடன்பிறப்பான தரைப்படையும் பிற நாடுகளில் என்ன செய்தன என்பதைப் படம் ஒரு சொல்லாலும் தொடவில்லை. நமக்கு அது ஏட்டு வரலாறு அன்று. 1941 டிசம்பர் 11-இல் பினாங்கும், டிசம்பர் 23-இல் இரங்கூனும் ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு இலக்காயின. அவ்விரு நகரங்களிலும் கடைவைத்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் எத்தனை பேர்! இரங்கூனிலிருந்து கால்நடையாகவே தாயகம் நோக்கிப் புறப்பட்ட இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் காட்டு வழியில் செத்சுகோவைப்போலவே மடிந்தனர். சயாம்–பர்மா இரயில் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். அவர்களுக்காக மின்மினி பறக்கும் படம் எதுவும் வரையப்படவில்லை.

இதைச் சொல்வது செத்சுகோவின்மேல் கொண்ட இரக்கத்தைக் குறைத்துக்கொள்வதற்கு அன்று. நான்கு வயதுக் குழந்தைக்குப் பேரரசு ஏது? ஒரு குழந்தைக்காக அழுத கண், அதே போரில் அழிந்த மற்றக் குழந்தைகளையும் தேட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். செய்தா உயிர்விட்ட சன்னோமியா நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கோபேப் பள்ளிவாசல் நிற்கிறது. ஜப்பானின் முதற் பள்ளிவாசலான அதனை இந்திய வணிகர்களும் தாத்தாரிய முஸ்லிம்களும் பொருள் திரட்டி 1935-இல் எழுப்பினர். சுற்றிலும் நகரம் எரிந்தபோதும் அது நிலைத்து நின்றது. படத்தில் அப்பள்ளி வாராது. ஆயினும் அந்த நெருப்பு நமக்கு முற்றிலும் அயலாருடையதன்று என்பதற்கு அதுவே சான்று.

எங்கள் வீட்டில்

திறனாய்வில் வீட்டுக் கதை எதற்கு என்று சிலர் வினவலாம். இரு படங்களையும் ஒப்பிட எனக்குக் கிடைத்த சிறந்த அளவுகோல் அங்கேதான் அமைந்தது என்பதால் சொல்கிறேன். நடித்த படம் முடிந்ததும் என் துணைவியார், “பாவம், அவளுந்தான் என்ன செய்வாள்!” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மனம் தேறியவராய்க் காணப்பட்டார். சித்திரப் படம் முடிந்த இரவிலோ ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் சென்றுவிட்டார். மறுநாள்தான் வாய் திறந்தார். எங்கள் அண்ணன் மகனுக்கு அவரும் சாச்சிதானே!

“நீ வந்த முதல் வருஷ ரமலானிலே, நோன்புக் கஞ்சியிலே கறி அடியிலே கிடக்கும். அதை உன் தம்பிக்கு அள்ளி ஊற்றிவிட்டு, உனக்கு மேலாக மொண்டு ஊற்றினேன். ஒரு நாள் இல்லை, பல நாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா தம்பி?” என்று அவனிடம் கேட்டார். அந்த ஆண்டுகளில் எங்கள் சட்டியும் சிறியதுதான். அதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

“ஞாபகம் இல்லை சாச்சி” என்றான் அவன். அது மெய்யா, அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்பதை நான் அறியேன். அந்த அகப்பையை அன்று கண்டும் காணாதவன்போல் இருந்தவன் நான் என்பதை மட்டும் அறிவேன்.

ஒரு படம் எங்களைத் தேற்றியது. மற்றொன்று எங்களைக் கேட்டது. தேற்றுவதும் கலையின் தொழில்களுள் ஒன்று. அதனை நான் இழித்துரைக்கவில்லை. ஆனால் பிறர் பிள்ளை ஒன்று நம் விரிப்பில் அமர்ந்து உண்ணும்போது நமக்குத் தேவைப்படுவது தேறுதல் அன்று, விழிப்பு. தாமே எத்தீமாக வளர்ந்த நபிகள் நாயகத்தின் உம்மத்தினராகிய நமக்கு இதனை வேறொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் தெரிந்ததை உறைக்கச் செய்வதற்குச் சில வேளைகளில் தொலைதூர நாட்டு ஓவியன் ஒருவனின் கோல் வேண்டியிருக்கிறது.

இறுதியாக இல்லத்தார்க்கு ஒரு சொல். சித்திரப் படம் என்றவுடன் சிறுவர்க்கென்று எண்ணிக் கைப்பேசியைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். 1988-இல் ஜப்பானிலும், குழந்தைகள் களிக்கும் ‘தோதோரோ’ என்ற படத்தோடு இணைத்தே இதனைத் திரையிட்டனர். 2024 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக நம் நாட்டு வீடுகளுக்கும் வந்தது. சிறு பிள்ளைகளைத் தனியே விட்டுக் காண்பிக்கத் தக்க படமன்று இது. வளர்ந்த பிள்ளைகளோடு பெரியவர்கள் அமர்ந்து காண வேண்டியது. கண்டபின் விளக்கை அணைத்துவிட்டு உடனே உறங்கச் செல்லாமல் சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டியது. உறவுப் பிள்ளையோ, வேலைக்கென வந்து தங்கிய பிள்ளையோ வீட்டில் இருக்குமாயின், அவர்களையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, எந்தக் காட்சியில் தலைகுனிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.